சாலமன் தீவுக்குப் போகுமுன்

பிப்ரவரி 3, செவ்வாய்

வாடைக் காற்று குறைந்துவிட்டது. மாடியில் மிளகாய் காயப்போட்டேன். காக்காய்த் தொல்லை.

கா. ஒன்பது மணிக்கு ஷைனி போன். அந்தமானில் வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் கடலுக்குள் முங்கக் கற்றுக்கொடுக்கிற என் பேத்தி. இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்கவில்லை. லீவு கிடைத்துவிட்டதாம். ஜூனில் சாலமன் தீவுகளுக்குப் போகிறாள். போனில் படத்தைக் காட்டினாள். ஆஸ்திரேலியாவுக்கு மேலே, வலப்பக்கம், கடுகு சிந்தினது மாதிரி.

அங்கே செய்யப் போவது:
1. சண்டைக்காலத்தில் முங்கின கப்பல்களைக் கடலுக்கடியில் போய்ப் பார்ப்பது
2. காட்டுமலை ஏறி ஓர் அருவி
3. ஒரு கிராமத்து வீட்டில் ஒரு வாரம். ஓலை வீடு. ஹோட்டல் கிடையாது

"நீ முங்கும்போது மேல வள்ளத்துல யாரு இருப்பா?" என்று கேட்டேன்.

"அந்த ஊரு போட்காரன் ஆச்சி."

"அவன் நமக்கு யாரு?"

"யாருமில்ல. வாடகை குடுத்தா வருவான்."

"அப்பம் அது சரிப்படாது."

எங்கள் பக்கம் சங்கு குளிக்கிறவனுக்கு வள்ளத்தில் இருந்து யாரோ ஒருத்தன் கயிறு பிடிக்க முடியாது. பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவன்தான் பிடிக்கணும். அக்காள் தாலி அவன் கையில். கண்ணை அங்கே இங்கே எடுக்க மாட்டான். என் வீட்டுக்காரருக்கு என் தம்பி பிடித்தான். இதைச் சொன்னால் ஷைனிக்குச் சிரிப்பு. முதுகில் காற்று உருளை, கயிறே கிடையாதாம்.

"எனக்குப் புருசனே இல்ல. கயிறு பிடிக்க நாத்தனாருக்கு எங்க போவேன்? வேணும்னா நீ வா ஆச்சி. மேல இருந்து என் குமிழியப் பாத்துக்கிட்டே இரு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். "வாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் சிரிப்பு நின்றது. பிறகு, "நெசமாவா?"

நெசமாகத்தான். பாஸ்போர்ட் இருக்கிறது, மகள் பேறுகாலத்துக்குத் துபாய் போக எடுத்தது. முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது, மலை பாதி ஏறுவேன், மீதிக்கு உட்கார்ந்துகொள்வேன்.

மிளகாயில் பாதி காக்காய்க்கு.

பிப். 5, வியாழன்

புழுக்கம். ஷைனி தினமும் ஏதாவது அனுப்புகிறாள். சாலமன் தீவில்:

- வெற்றிலை பாக்கு உண்டு. சுண்ணாம்பும் உண்டு. வெற்றிலைக்குப் பதிலாக அந்தக் கொடியின் காயைக் கடிப்பார்களாம். பரவாயில்லை
- சேம்பு, சீனிக்கிழங்கு, தேங்காய்ப் பால், மீன். அரிசியும் கிடைக்கும்
- ஞாயிறு பூசை உண்டு
- ஒரு தீவில் பெண்கள் சிப்பியை அறுத்து, ஓட்டை போட்டு, மாலையாகக் கோக்கிறார்கள். பெண் எடுக்கப் போகிறவன் அந்த மாலையைத்தான் பரிசமாகக் கொடுக்கணும். முத்து எடுத்த ஊர்க்காரிக்கு இதைப் பார்க்காமல் எப்படி

கொண்டுபோக: மக்ரூன் 2 டப்பா (நொறுங்கும், கையில் வைத்துக்கொள்ளணும்), பருத்திச் சேலை 4, கொசுக்கடித் தைலம், ஜெபமாலை. கருவாடு கூடாது. அந்த ஊர்ச் சுங்கத்தில் பிடுங்கிப் போடுவார்களாம்.

மாலை செல்வினிடம் சொன்னேன். ஷைனியின் அப்பா, என் மகன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இருக்கிறான். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவன் பாதியில் நின்றுவிட்டான்.

"வள்ளத்துல கால் வச்சிருக்கியாம்மா நீ?"

வைத்ததில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் ஏறுவதில்லை. எழுபத்திரண்டு வயசு. பிறந்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் கடலோரம். கடலின் மேல் ஒரு தடவை இருந்ததில்லை.

"அங்கன தீவுக்குத் தீவு வள்ளத்துலதான் போகணும். நடுக்கடல்ல நீ மயங்கி விழுந்தா அவ ஒன்னயப் பாப்பாளா, கடலப் பாப்பாளா?"

கோபமாகப் பேசவில்லை. பயத்தில் பேசினான்.

கடைசியில்: "நம்ம கடல்ல ஒரு தடவ போயிட்டு வா. வாந்தி எடுக்காம வந்தா பேசுவோம். எடுத்தா, இந்தப் பேச்சே கூடாது."

சரி என்றேன். மாதாவே.

பிப். 7, சனி

கா. திரேஸ்புரம் கரை. வள்ளம் வைத்திருப்பது என் கொழுந்தன் சூசை. முன்னே சங்கு குளித்தவர். வலைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மயினி, பொம்பள ஏறின வள்ளத்துக்கு வலை காலியா வரும். ஒங்களுக்குத் தெரியாததா?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழம. நீரு வலையே போட மாட்டீரு. காலியா வர என்ன இருக்கு?"

"வள்ளத்துக்குக் கிழம தெரியுமா?"

"திருநாளுக்கு மாதாவ வள்ளத்துல ஏத்திக் கடலச் சுத்தி வாரீரே. அவ ஆம்பளையா?"

வெற்றிலையைத் துப்பப் போனவர் துப்பாமல் நின்றார்.

"மாதாவும் நீங்களும் ஒண்ணா மயினி?"

"ஒண்ணில்ல. அவளுக்கு மாலை போடணும். எனக்கு வேண்டாம்."

பக்கத்து வள்ளத்துக்காரன் சிரித்துவிட்டான். சூசை அவனை முறைத்தார், பிறகு என்னை.

"மூணு மணிக்கு வாங்க. தெரு வழியா வராதீங்க. சந்து வழியா வாங்க."

ரா. ரசம் சோறு மட்டும். வயிற்றைத் தயார்ப்படுத்த.

பிப். 8, ஞாயிறு

வெயில். கொண்டல் காற்று லேசாக. முதல் பூசை பார்த்தேன். மத்தியானம் சாப்பிடவில்லை.

ஏறும்போது சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். செல்வின் கையைப் பிடித்தான், சூசை முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்ஜின் பக்கம் செல்வின். நான் நடுவில்.

கரை போகப் போக, கோவில், கிரேன், அனல்மின் புகைபோக்கி எல்லாம் ஒரே வரிசையில். நம் ஊர் இவ்வளவு தட்டையானது என்று எனக்குத் தெரியாது. வாயெல்லாம் உப்பு. நன்றாக இருந்தது. செல்வினைப் பார்த்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நங்கூரம் போட்டதும்தான் கஷ்டம். ஓடும்போது இல்லாத ஆட்டம் நிற்கும்போது. சூசை சட்டையைக் கழற்றி, இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை என் மடியில் போட்டார்.

"பேத்திக்குக் காவலிருக்கப் போறீகளாமே. முதல்ல எனக்கு இருங்க. கீழ இருந்து கயித்த ஒரு வெட்டு வெட்டினா நீங்க இழுக்கணும்."

"சித்தப்பா, இது எதுக்கு இப்பம்? வயசு என்ன ஒமக்கு?" என்றான் செல்வின். அவர் அதற்குள் தண்ணீரில்.

கயிறு ஓடியது. நின்றது. கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டேன். குமிழி வருவதும் வராததும். அப்போது வயிறு புரண்டது. அடக்கினேன். முடியவில்லை. ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எல்லாம் போயிற்று. கண்ணில் தண்ணீர்.

"போதும், கயித்த என்கிட்ட குடும்மா" என்று செல்வின் எழுந்து வந்தான். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அந்த நேரம் பார்த்துக் கயிறு வெட்டியது. இழுத்தேன். ஒரு இழுப்பு, ஒரு ஓங்கரிப்பு, மறுபடி ஒரு இழுப்பு.

சூசை தலை வெளியே. கையில் ஒரு பிடி மணல், அடிக்குப் போய்வந்த அத்தாட்சி. மூச்சு வாங்கி முடித்ததும் என் நிலைமையைப் பார்த்தார்.

"எடுத்துட்டீகளா?"

"எடுத்துட்டேன்."

"கயிறு தளரவே இல்லையே." செல்வின் பக்கம் திரும்பினார். "ஏலே, என் மச்சான் பீடியும் குடிச்சி, கதையும் பேசிக்கிட்டு இழுப்பான். ஒங்கம்மை தேவல."

செல்வின் என்ஜினைக் கிளப்பினான்.

தோற்றுவிட்டேன். பந்தயம் பந்தயம்தான். ஷைனியிடம் நாளைக்குச் சொல்லணும். ஆனாலும் கடலின் மேல் இருந்துவிட்டேன். உள்ளங்கையில் கயிற்றுத் தடம் எரிகிறது. எண்ணெய் போடவில்லை.

பிப். 9, திங்கள்

மூட்டம். துணி காயவில்லை. ஷைனிக்குப் போன் போட மனசு வரவில்லை.

மாலை செல்வின் வந்தான். செருப்பைக் கழற்றினான், காப்பி கேட்டான், பேப்பர் பார்த்தான். பிறகு பையிலிருந்து ஒரு மருந்துக்கடைக் கவரை எடுத்து மேசையில் வைத்தான். மாத்திரை, மூன்று அட்டை.

"என்னலே இது?"

"கடல் ஒவ்வாமைக்கு. வள்ளம் ஏறதுக்கு ஒரு மணி நேரம் முந்தி போடணுமாம். ஆபீஸ்ல கப்பல்காரன் ஒருத்தன்கிட்ட கேட்டேன். அவனே இன்னும் வாந்தி எடுக்கானாம்."

"யாருக்கு?"

"பக்கத்து வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

மாத்திரையை எடுத்து மாதா படத்துக்குக் கீழே வைத்தேன். ஷைனிக்குப் போன். கத்தினாள். நானும் கொஞ்சம்.

பிப். 14, சனி

நல்ல வெயில். மலைக்கு ஷூ வாங்கியாயிற்று. அதைப் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனேன், சாமியார் முதற்கொண்டு என் காலைப் பார்த்தார்.

ஷைனி பார்சல் வந்தது. முகத்தில் மாட்டுகிற கண்ணாடி, மூச்சு விட வளைந்த குழாய். ஓலை வீட்டு வாசலிலேயே இடுப்பளவுத் தண்ணீராம். கண்ணாடியை மாட்டி முகத்தை வைத்தால் போதும், பவளமும் மீனும் தெரியுமாம். "வாய்ல குழாய கவ்விக்கோ ஆச்சி, மூக்க மறந்துரு."

கொல்லையில் அண்டா நிறையத் தண்ணீர் பிடித்தேன். முதல் தடவை குடித்துவிட்டேன். இரண்டாவது தடவை இருமல். மூன்றாவது தடவை மூச்சு வந்தது, புஸ் புஸ் என்று, வேறு யாரோ விடுகிற மாதிரி. அடியில் என் கை, இரண்டு பங்கு பெரிதாக, வெளிச்சம் அதன் மேல் வளைந்து வளைந்து ஓடியது. செல்வின் வந்து நின்று "அம்மா, அம்மா" என்றது எங்கோ தூரத்தில் கேட்டது. குழாய்க்குள் பதில் பேச முடியாது. தலையைத் தூக்கவும் மனசில்லை.