மைக் அணைந்திருந்த கூட்டம்

அடேய் முரடா,

இருபது வருடமாக நம் கம்பெனியின் தலைமை நாற்காலியைத் தேய்த்தவனுக்கு இன்று மானம் போயிற்று.

காணொளிக் கூட்டத்தில் புதுக் கைபேசியைப் பற்றி முழங்கினேன், நடுவே ஒரு ஜோக்கும் அடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். முடிந்ததும் பார்த்தால் என் மைக் அணைந்தே இருந்திருக்கிறது.

“நான் என்னய்யா சொன்னேன்?” என்று கேட்டேன்.

“நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்,” என்றார் விற்பனை மேலாளர்.

போன மாதம், “பேட்டரி கொதிக்குதுடா, வெளிய விடாத” என்று நீ கத்தியபோது நீ சொன்னது தவறென்றவர்களும் இவர்கள்தான். இவர்களை நம்பி உன்னை வேலையைவிட்டு அனுப்பினேன் என்றால் பொய். அந்தத் தலையாட்டல் எனக்கு வசதியாக இருந்தது.

அந்தக் கைபேசி விற்பனையை நிறுத்திவிட்டேன். உன்னைக் கூப்பிட முகமில்லை. ஆனாலும் வந்து, எல்லார் முன்னாலும் என்னோடு சண்டை போடு.

கைதட்டலில் வீங்கிப்போன,
உன் கூட்டாளி