பொபின் கேஸுக்கு வரி

அன்புள்ள மச்சானுக்கு,

மூன்று வருடத்துக்கு முன் லீவில் வந்தபோது நீங்கள் தூக்கிவந்த தையல் மெஷினுக்கு, கத்தாரிலிருந்து அனுப்பிய பொபின் கேஸ் கிடைத்தது. ஆனால் வரி கேட்டார்கள். நமுனுகுலயிலிருந்து பஸ் பிடித்துப் பதுளைத் தபால் நிலையத்துக்குப் போனேன்.

பத்திரமாக வரட்டும் என்று பார்சல் மேல் நூறு மடங்கு விலை எழுதினீர்களாமே! அந்த விலைக்குத்தான் வரியாம். பிரித்தால் அடிநூல் உருளையை வைக்கிற, கட்டைவிரல் அளவு இரும்புக் கூடு.

"இதுக்கா இவ்வளவு விலை?" என்றார் அங்கே வரி போடும் ஐயா.

"எங்க வீட்டுக்காரருக்கு எல்லாமே பெருசுங்க."

சிரித்தபடியே சரியான விலை போட்டு வரியைக் குறைத்தார்.

"அவரே பாக்கெட்டில போட்டுக் கொண்டாந்தா எவ்வளவுங்க?"

"அதுக்கு வரி இல்லம்மா."

நேற்று மெஷின் பெல்ட் அறுந்துவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள். பார்சலில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி