யாரும் ஆமென் சொல்லாத ஜெபம்

ஆகஸ்ட் 12, செவ்வாய். வவுணதீவு.

சென்னையிலிருந்து ஊழியத்துக்கு வந்து நான்கு மாதமாகிறது. நான் ஜெபித்து முடித்தும் ஒருவர்கூட ஆமென் சொல்லாதது இன்றுதான்.

மாலையில் தவமணி அக்கா வீட்டில் ஜெபக்கூட்டம். வந்தவர்கள் எல்லாரும் வெக்கை தாங்கவில்லை என்று புலம்பினார்கள். எனக்கு மனம் உருகிவிட்டது. இந்த ஊருக்கு இன்றைக்கே பெருமழை தாரும் ஆண்டவரே என்று கண்ணீரோடு கேட்டேன். கண்ணைத் திறந்தால் பத்துப் பேரும் என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஐயோ தம்பி, என்ன கேட்டுப்போட்டீங்க!" என்றார் அக்கா. "வெட்டின நெல்லெல்லாம் றோட்டில காயுது!"

அந்த நெல்லைச் சுற்றித்தான் சைக்கிளில் வந்திருந்தேன். மண்டையில் ஏறவில்லை.

"நெல்லு சாக்குக்குள்ள போகட்டும், மறுகா மழை வரட்டும். நீங்களே சொல்லிப்போடுங்க" என்றார் அவர் கணவர். சொன்னேன். இந்த முறை ஆமென் கூரையைத் தூக்கியது.

ஆனால் மேற்கே இடி முழங்கிவிட்டது. பாட்டுப் புத்தகங்களைப் போட்டுவிட்டு எல்லாரும் றோட்டுக்கு ஓடினோம். நானும் நெல்லை வாரிச் சாக்கில் கொட்டினேன். கழுத்தெல்லாம் ஒட்டிய நெல்லின் சுணை இன்னும் அரிக்கிறது. கடைசிச் சாக்கை வீட்டு விறாந்தையில் ஏற்றிய பிறகுதான் மழை கொட்டியது.

எந்த ஜெபத்துக்கு இந்த மழை என்று யோசித்துக்கொண்டே நனைந்து வந்தேன். அதற்குள் நாளைய கூட்டத்து வீட்டுக்காரர் கைபேசியில் கூப்பிட்டுவிட்டார்.

"தம்பி, நாளைக்கு என்ன கேக்கப் போறீங்க எண்டு முதல்ல எங்களுக்குச் சொல்லுங்க."