ஆறாவது பாகம் வரைக்கும்

அன்புள்ள சிட்டு,

இங்கே நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம். நீயும் நலமாக இருப்பாய் என்று அடுத்த வரி எழுதுவதுதான் வழக்கம், இன்றைக்கு அந்த வரி வர மாட்டேன் என்கிறது, விட்டுவிட்டு மேலே எழுதுகிறேன். என் கணுக்கால் கட்டைப் பிரித்துவிட்டார்கள். வீக்கம் வற்றுகிற வரைக்கும் தையல் மெஷினை மிதிக்கக் கூடாதாம், பள்ளிச் சீருடையெல்லாம் வெட்டினபடியே அலமாரியில் கிடக்கிறது. வருகிறவர்கள் என் காலை விசாரித்துவிட்டு அதே மூச்சில் தங்கள் துணியை விசாரிக்கிறார்கள். அப்பா மோட்டார் வைண்டிங் கடையிலிருந்து மத்தியானமே வந்து எனக்குச் சமைத்துப் போடுகிறார். உப்பு என்று ஒன்று இருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நீ பார்க்கச் சொன்ன தொடரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கால் உடைந்து கிடக்கிறவளுக்கு இப்படி ஒரு தண்டனையா என்றுதான் முதலில் இருந்தது. எப்போது பார்த்தாலும் மழை, இருட்டுக் கூடம், ஒரு பெண் தட்டுக் கழுவுகிறாள், கழுவிக்கொண்டே இருக்கிறாள், நானே போய் வாங்கிக் கழுவி வைத்துவிட்டு வரலாமா என்று தோன்றியது. அவள் புருஷன் ஊரே கொண்டாடுகிற டாக்டர், ஒரு வார்த்தை அதிர்ந்து பேச மாட்டான், இதில் கதை எங்கே இருக்கிறது என்று அப்பாவிடம் சண்டை போட்டேன். இரண்டாவது பாகத்தில் தூங்கியே போனேன். அப்பா தூங்கவில்லை, மோட்டாருக்குக் கம்பி சுற்றிச் சுற்றியே வயதான மனுஷன் அவர், அவருக்கு எதுவுமே மெதுவாகத் தெரியாது. ஆனால் நாங்கள் விடாமல் பார்த்தது உனக்காக. போனில் பேசும்போதெல்லாம் "எது வரைக்கும் வந்தீங்கம்மா?" என்று கேட்டாய். "மெதுவாத்தான் போகும், விட்டுடாதீங்க, ஆறாவது பாகம் வரைக்குமாவது பாருங்க" என்றாய். மாப்பிள்ளை பக்கத்திலிருந்து, "அத்தை, அந்த அழுமூஞ்சிக் கதையையா பாக்கறீங்க, பாவம் நீங்க" என்று சிரித்தார். நீயும் சிரித்தாய். போன் எப்போதும்போல ஸ்பீக்கரில்தான் இருந்தது.

நாலாவது பாகத்திலிருந்து எனக்கே தெரியாமல் அதற்குள் போய்விட்டேன். அந்தப் பெண் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை கதவைப் பார்க்கிறாள் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அதைப் பார்த்த பிறகு வேறு எதையும் பார்க்க முடியவில்லை. குக்கர் கத்திக்கொண்டே இருந்தது, அப்பா எழுந்திருக்கவில்லை. ஆறாவது பாகத்தில் அவளுடைய அம்மா போன் செய்கிறாள். இவள் முகம் மலர்ந்து "நான் நல்லா இருக்கேன்மா" என்கிறாள். வெகுநேரம் அந்த முகத்தை மட்டுமே காட்டினார்கள், அப்புறம் கேமரா மெல்லக் கீழே இறங்கியது. அவள் மணிக்கட்டை அவன் பிடித்திருந்தான். அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அந்தப் பக்கம் அந்த அம்மா நிம்மதியாகப் போனை வைத்தாள்.

அப்பா டிவியை நிறுத்தினார். "இதைத்தான் பாக்கச் சொன்னாளா?" என்றார். கை முழுக்க மறைக்கிற மாதிரி சட்டை தைத்து அனுப்பு என்று நீ கேட்டதும், அங்கே குளிர் போல என்று நினைத்துக்கொண்டு நான் தைத்து அனுப்பியதும் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசியபோது, அந்தக் கதையில் வருகிற பெண் பேசாமல் அம்மா வீட்டுக்கு வந்திருக்கலாமே என்று நான் சொன்னது நினைவிருக்கிறதா? அதற்கு நீ, "அங்க அவளுக்கு எடம் இருக்குமான்னு தெரியாதேம்மா" என்றாய். உன் குரலில் எந்த மாற்றமும் இல்லை. "எடம் இல்லாம என்னடி, அவ பொறந்த வீடுதானே" என்றேன். மாப்பிள்ளை, "ரெண்டு பேரும் ஆரம்பிச்சாச்சா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஒருநாளும் தானாகப் போன் செய்யாதவர் நேற்றுச் செய்தார். "அவளுக்கு ஒடம்பு முடியல அத்தை, இந்த மாசத்தோட வேலைய விட்டுடச் சொல்லிட்டேன், இனிமே வீட்லயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றார். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பிரியமாகச் சொன்னார். இனி அவரை மாப்பிள்ளை என்று எழுத எனக்குக் கை வராது.

அப்பா அப்போதே கடையைப் பூட்டிவிட்டு வந்து, பையில் வேட்டி சட்டையைத் திணிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் போய் நின்றால் வாயைத் திறக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இதை எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன். உன் வீட்டுக்கு வர மாட்டார், நீ வேலை செய்கிற பல் ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார். இதைப் படிக்கும்போது நீ உட்காருகிற வரவேற்பு மேஜைக்கு முன்னால் நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்திருப்பார். நாங்கள் நினைத்தது தப்பு என்றால் சிரித்துக்கொண்டே அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பு, எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. தப்பு இல்லையென்றால் பேச்சே வேண்டாம், கைப்பையை எடுத்துக்கொண்டு அவரோடு நட. துணிமணி எடுக்கிறேன் என்று அந்த வீட்டு வாசலை மிதிக்காதே. இன்றைக்கு முடியாது, பயமாக இருக்கிறது என்றாலும் சரி, பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கி, தினமும் வந்து அதே நாற்காலியில் உட்காருவார். அவரை நான் திரும்பி வரச் சொல்லப்போவதில்லை.

தைரியமாக இரு, என் கண்ணே. நீ நூறு வயசு நன்றாக வாழ்வாய். இந்தக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டு போகாதே, அங்கேயே கிழித்துப் போட்டுவிடு. அப்பா ரயிலில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார். முதலில் நிமிர்ந்து அவரைப் பார்.

உன் வரவுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கும்,
அம்மா