பிள்ளை தலையில் வாங்கிய சத்தியம்

என் அன்பு மச்சான் செல்வத்துக்கு,

பத்து மாதமாகியும் உன் மேல் உள்ள கோபம் ஆறவில்லை. என் மேல் உள்ளது அதைவிட ஜாஸ்தி.

உன் சாவுக்கு வந்தவர்கள் கடலூர் வீட்டு வாசலில் நின்று, "குடிச்சான், போய்ட்டான்" என்று உன் கதையை முடித்தார்கள். உனக்கு வேலை போனதை யார் பேசினார்கள்? உன் பெண்டாட்டி மலர் பிள்ளையோடு சிதம்பரத்தில் உள்ள தாய் வீட்டுக்குப் போனபின் நீ தனியாகக் கிடந்ததை? முன்பே ஒருமுறை நீ சாகத் துணிந்ததை, போதையில் செய்தது என்று நாங்களே மூடி மறைத்ததை?

டாக்டர் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார். குடியைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, மனசுக்கும் வைத்தியம் வேண்டும் என்றார். நானோ உன்னைச் சிதம்பரம் கூட்டிப்போய், உன் கையை உன் மகள் தலையில் வைத்து, இனி குடிக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். கண் சரியாகத் தெரியாத பையனிடம், இனி ஒழுங்காகப் பார்ப்பேன் என்று எந்த வாத்தியாராவது சத்தியம் வாங்குவானா? நான் வாங்கினேன்.

நான்கு நாள் தூக்கமில்லாமல் நடுங்கினாய். ஐந்தாம் நாள் குடித்தாய். அந்த வாரமே பாப்பாவுக்குக் காய்ச்சல்.

"என்னாலதான் மாமா புள்ளைக்கு இப்புடி. நான் இல்லன்னா அவுங்க நல்லாருப்பாங்க" என்று போனில் அழுதாய்.

"குடிச்சிட்டுப் பேசாத. காலையில பேசு" என்று வைத்துவிட்டேன். விடியும்போது நீ இல்லை.

அது சாதாரணக் காய்ச்சல், மச்சான். மூன்றாம் நாள் எழுந்து இட்லி கேட்டாள். அதுவரை நீ பொறுத்திருக்கக் கூடாதா? நான் திரும்பக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?

போன வாரம் சிதம்பரம் போயிருந்தேன். மலரின் தம்பி ரவியும் இப்போது ஓயாமல் குடிக்கிறான். சத்தியம் வாங்க வீட்டுப் பெரியவர்கள் அவன் கையை இழுத்து, உன் மகள் தலையிலேயே வைக்கப் போனார்கள்.

"அவ தலை என்ன ஸ்டாம்ப் பேப்பரா, ஆளாளுக்குக் கையெழுத்துப் போட?" என்று கத்திவிட்டேன். பிடித்த கையை விட்டார்கள்.

ரவியைத் தனியே உட்காரவைத்து நேராகக் கேட்டேன். "செத்துடலாம்னு தோணுதாடா?"

"தோணுதுண்ணே. இதுவரிக்கும் யாரும் கேட்டதில்ல."

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மலர்தான் துணைக்கு இருக்கிறாள். குடியோடு மனச்சோர்வும் இருக்கிறதாம், இரண்டுக்கும் மருந்து கொடுக்கிறார்கள்.

நாளைக்கும் போவேன். அவன் மறுபடி குடித்தாலும் போவேன். தூங்கினாயா, சாப்பிட்டாயா, அந்த நினைப்பு வந்ததா என்று மட்டும் கேட்பேன். அவன் என்ன பதில் சொன்னாலும் எழுந்து போகமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அக்கா வீட்டுக்காரன், உன் மாமா