கிடாயின் இதயத்தைப் பிளந்தவள்

குலசாமி கோயிலில் இன்று கிடா வெட்டு. சீமைக்கருவேலங் கங்கில் ஈரல் சுடுகிற வாசனை வந்ததும் உன் நினைப்பும் வந்துவிட்டது. வராமல் எப்படி இருக்கும்?

நர்சிங் முதல் வருடம். உடலியங்கியல் தாளில் நான் ஒருமுறை கோட்டைவிட்டிருந்தேன். மறுபடியும் தவறினால் படித்தது போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகிற பஸ்ஸில் நின்றபடியே, கூடப் படித்த நீதான் எனக்குப் பாடம் எடுத்தாய். செல்லுக்குள் சோடியமும் பொட்டாசியமும் போய்வருகிற கணக்கு என் மண்டையில் ஏறவே இல்லை. நீ கண்டக்டரைக் காட்டினாய். "மூணு சோடியத்த எறக்கிவிட்டு ரெண்டு பொட்டாசியத்த ஏத்துறாரு. அம்புட்டுத்தேன்." நான் சிரித்த சிரிப்பில் அவர் திரும்பி முறைத்தார்.

அந்த வருடக் கிடா வெட்டுக்கு உன்னையும் கூட்டிவந்தேன். இதயம் சட்டிக்குப் போகுமுன் மாமாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டாய். சாமி கறியில் என்ன விளையாட்டு என்று அத்தைமார் சத்தம் போட்டதை நீ காதிலேயே வாங்கவில்லை. வாழையிலையில் வைத்து பிளேடால் பிளந்து நான்கு அறைகளையும் காட்டினாய். மெல்லிய வால்வு ஒன்றை விரலில் தூக்கிப் பிடித்தாய்.

"இந்தக் கதவு எனக்குச் சரியா மூடாதுடி."

சின்ன வயதில் தொண்டை வலித்துக் காய்ச்சல் வந்து, பிறகு மூட்டெல்லாம் வீங்கியதாம். வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலிதானே என்று வீட்டில் விட்டுவிட்டார்களாம். அந்தக் காய்ச்சல்தான் இதயத்து வால்வைக் கெடுத்துவிட்டதாம். மறுநாள் வகுப்பில் ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டி உன் நெஞ்சில் வைத்தாய். லப், டப். இரண்டுக்கும் நடுவில் உஸ்ஸென்று ஒரு காற்று. நன்றாகக் கேட்டுக்கொள், பரீட்சைக்கு வரும் என்றாய்.

நான் தேறினேன். நீ ஆபரேஷனுக்குப் போனவள் திரும்பவில்லை. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறேன். போன மாதம் ஒரு சிறுமி, முழங்கால் வீங்கி நொண்டிக்கொண்டே வந்தாள். வளர்கிற வயதுதானே, தைலம் தேய்த்தால் போதாதா என்றார் அவள் அம்மா. நான் விடவில்லை. நெஞ்சில் வைத்துக் கேட்டேன். இருந்தது, அதே காற்று. டாக்டரும் கேட்டுவிட்டு மதுரைக்கு அனுப்பினார். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசியைத் தவறவிடாமல் போட்டால் மேலும் கெடாது என்று அங்கே சொன்னார்களாம்.

"எப்படிக் கண்டுபிடிச்சீக?" என்று அந்த அம்மா கேட்டார்.

உன்னைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு மகளின் தலையைத் தடவினார். ஊசிநாள் தள்ளிப்போனால் நானே பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவேன். இவளை விடமாட்டேன்டி.