அவசரத்துக்கு ஒரு நம்பர்

மார்ச் 3, செவ்வாய்

மகன் வங்கியில் மேலாளர். பெரிய பேரன் பாலம் கட்டும் என்ஜினியர். ஆற்றுக்கு நடுவில் தூண் நிறுத்துகிறான். பேத்தி கண் டாக்டர், தங்க மெடல். சின்னவன் கணக்கில் நூற்றுக்கு நூறு, இரண்டு வருடமாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுடைய குடும்பம் இது. கண் பட்டுவிடும் என்று இங்கே மட்டும்தான் எழுதுகிறேன். கீழ் வீட்டுக்காரியிடம் சொன்னது கணக்கில் சேராது. அவள் கேட்டாள். வாய் கேட்கவில்லை, முகம் கேட்பது போல இருந்தது.

பாலத்தடியில் பேரன் நிற்கும் போட்டோ மங்கிவிட்டது. புதிது ஒன்று தபாலில் அனுப்பச் சொல்ல வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து சீட்டு வந்தது. நாற்பது தாண்டிய பெண்களுக்கெல்லாம் மார்புப் பரிசோதனையாம். எனக்கு நாற்பது தாண்டி முப்பத்தோரு வருடம் ஆகிறது, இப்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது அவர்களுக்கு. பேத்தியிடம் போனில் கேட்டேன். “எல்லாரும் பண்றதுதான் பாட்டி, போயிட்டு வாங்க. அப்புறம், தெரியாத நம்பர்லேருந்து போன் வந்தா எடுக்காதீங்க, ஏமாத்துறாங்க” என்றாள். டாக்டர் சொன்னால் சரிதான்.

மார்ச் 12, வியாழன்

போய் வந்தேன். விவரமாக எழுத வேண்டும்.

மேசைக்காரப் பெண் படிவம் நீட்டினாள். ‘அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்’ என்று போட்டு ஒரே ஒரு கோடு. என் குடும்பத்துக்கு ஒரு கோடு எந்த மூலைக்கு? மகன், பேரன், பேத்தி, சின்னவன் என்று உத்தியோகத்தோடு எழுதினேன். கோடு தீர்ந்து எழுத்து ஓரத்தில் ஏறி மேலே போனது. சின்னவனுக்கு உத்தியோகம் இல்லாததால் மார்க்கை எழுதினேன்.

அவள் முழுக்கப் படித்துவிட்டுக் கேட்டாள்: “பாட்டி, இதுல கூப்பிட்டா எடுக்கிறவங்க யாரு?”

மகனுக்கு மீட்டிங். பேரன் ஆற்றுக்கு நடுவில். பேத்தி ஆபரேஷனில். சின்னவன் வகுப்பில். எல்லாரும் பெரிய ஆளாகிவிட்டால் இப்படி ஒரு தொல்லை.

பின்னால் நின்றவள் என் தோள் மேலாக எட்டிப் பார்த்தாள். “என் நம்பரைப் போடுங்கம்மா. தையல் கடை வச்சிருக்கேன். துணி இன்னும் தைக்கலையான்னு திட்டத்தான் கூப்பிடுவாங்க, ஆனாலும் எடுத்துடுவேன்.”

“நீ யாரு, நான் யாரு?”

“உங்களுக்கு அடுத்த டோக்கன்.”

மேசைக்காரி எழுதிக்கொண்டாள். என் நான்கு பேரையும் ஒரே கோட்டில் அடித்தாள். அடிக்காமலேயே எழுதியிருக்கலாம்.

உள்ளே, மேல் துணியைக் களைந்துவிட்டு ஓர் அங்கியைப் போடச் சொன்னார்கள். கட்டும் கயிறு முதுகில். “இதைத் தைச்சவனுக்கு முதுகுல ரெண்டு கை இருக்கும் போல” என்று சொல்லிக்கொண்டே தையல்காரி எனக்குக் கட்டிவிட்டாள். எனக்கு முன்னால் நின்றவளுக்கு நான் கட்டினேன். ஆஜானுபாகுவான பெண், பஸ் ஓட்டுகிறாளாம். முடிச்சு நிற்கவில்லை, அவள் முதுகு அப்படி நடுங்கியது.

“எங்கம்மா இதுலதான் போனாங்க” என்றாள்.

என்னிடம் இருப்பதோ ஒரே சரக்கு. பேரன் ஆற்றில் தூண் நிறுத்தும் கதையை எடுத்துவிட்டேன். அடி எவ்வளவு ஆழம், வெள்ளம் வந்தால் என்ன ஆகும், எல்லாம் சொன்னேன். நடுக்கம் நின்றது. “இன்னொரு தடவை சொல்லுங்கம்மா” என்றாள்.

எழுபத்தொரு வயதில் இதை என்னிடம் கேட்ட முதல் ஆள்.

மார்ச் 13, வெள்ளி

மெஷின் அழுத்திய இடம் வலிக்கவில்லை. கொஞ்சம் வலிக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

வாசலில் தையல்காரி. கழுத்தில் அளவு நாடா தொங்குகிறது, கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு நாலு தடவை கூப்பிட்டார்களாம். தெரியாத நம்பர், பேத்தி சொன்னபடி நான் எடுக்கவில்லை. அதனால் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். விலாசம் அன்றைக்கே படிவத்தில் பார்த்து வைத்ததாம்.

“பயப்படாதீங்கம்மா. இடது பக்கம் என்னமோ தெரியுதாம். ஊசியால கொஞ்சம் எடுத்துப் பாக்கணுமாம். வெள்ளிக்கிழமை, துணைக்கு ஆளோட வரச் சொன்னாங்க.”

அவள் போனதும் கீழ் வீட்டுக்காரி கேட்டாள், “யாரு அது?”

“சொந்தம்” என்றேன்.

“எந்த வழியில?”

மார்ச் 18, புதன்

மகனுக்குப் போன் போட்டேன். எடுத்துவிட்டான்! அவனே பேசினான் — புதுக் கிளை, புது நாற்காலி, மூச்சு விட நேரமில்லை. “நீங்க எப்படிம்மா இருக்கீங்க?” என்றான். நல்லா இருக்கேன் என்றேன். வைத்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் வந்திருப்பான். வந்திருப்பானா? ஐயோ, அதுதானே விஷயம். கேக்காத வரைக்கும் அவன் வருவான். கேட்டு, வரலேன்னு சொல்லிட்டான்னா அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்த நோட்டுல முதல் பக்கத்தைப் படிப்பேன்?

மார்ச் 20, வெள்ளி

தையல்காரி கூட வந்தாள். பஸ் ஏறினால் ஓட்டுவது அன்றைக்கு நடுங்கிய அந்தப் பஸ்காரி! நேற்றே இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கு ஒன்றும் இல்லையாம், முடிவு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டாப் கிடையாது. பஸ் நின்றது. பின்னால் ஒருவர் கத்தினார். “அவங்க பேரன்தான் சார் பாலம் கட்டுறவரு” என்றாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை.

ஊசி போடும்போது தையல்காரி கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் போடாத ஊசியா” என்றாள்.

மார்ச் 23, திங்கள்

தூக்கமில்லை.

மார்ச் 25, புதன்

இன்றும்.

மார்ச் 27, வெள்ளி

வெறும் நீர்க்கட்டி. ஒன்றும் செய்ய வேண்டாமாம். அடுத்த வருடம் வந்தால் போதும்.

பஸ்காரி லீவு போட்டு வந்திருந்தாள். டாக்டர் இன்னொரு தடவை சோதித்துவிட்டுச் சொன்னதும் அழுதது அவள்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் இன்னும் அந்த அங்கியில். மேசைக்காரப் பெண் தையல்காரியின் போனில் எங்களைப் போட்டோ எடுத்தாள்.

மார்ச் 29, ஞாயிறு

மகனிடம் சொன்னேன். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லம்மா! ஓடி வந்திருப்பேனே!” குரல் உடைந்துவிட்டது. நிஜமாகத்தான் சொன்னான். நான்தான் அவனைச் சோதித்துப் பார்க்காமலேயே ஃபெயில் ஆக்கியிருக்கிறேன். அடுத்த வருடத் தேதியைச் சொன்னேன். எழுதிக்கொண்டான். பார்ப்போம்.

ஏப்ரல் 2, வியாழன்

ஒருத்தி பத்தொன்பது வருடமாய் பஸ் ஓட்டுகிறாள், ஒரு கீறல் இல்லை. இன்னொருத்தி துணியைத் தொடாமல், ஆளைப் பார்த்தே அளவு சொல்வாள். இரண்டு தங்கைகளைப் படிக்க வைத்தவள். எனக்கு அங்கிக் கயிறு கட்டியவள்.

பேரன் போட்டோவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்துவிட்டேன். இன்று தையல்காரிக்குப் போன் செய்து கேட்டேன், ஆஸ்பத்திரியில் எடுத்த அந்தப் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எனக்குத் தபாலில் அனுப்பச் சொல்லி.

“ரெண்டு தெரு தள்ளித்தானேம்மா இருக்கேன், கையிலேயே கொண்டாந்து தர்றேனே.”

கூடாது, தபாலில்தான் வர வேண்டும் என்றேன். கெட்டி அட்டை வைத்து, மேலே ‘போட்டோ, மடக்காதீர்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதச் சொன்னேன். தபால்காரர் மாடி ஏறமாட்டார். கீழ் வீட்டுக்காரியிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்.